இருபதில் ஒன்று: புதிய ரப்பர் ரகத்தை எப்பொழுது நம்பலாம்?

(ஜொகூர் மாநிலத் தோட்டத் தொழிலாளர்களுக்கென ஆற்றிய உரையின் வடிவம்)



முதிர்ந்த மரங்கள் வீழ்த்தப்பட்டு, மறுநடவுக்கு நிலம் ஆயத்தமாகும்பொழுது எழுகின்ற முதற்கேள்வி, 'எந்த ரகத்தை நடுவது?' என்பதே. நெல் விதைத்தவன் தவறான விதையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அடுத்த பருவத்தில் அதனைத் திருத்திக்கொள்ளலாம். ரப்பர் நட்டவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கன்று நட்டு ஐந்து ஆறு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே பட்டையில் கத்தி வைக்க முடிகின்றது. அதன் பின்னர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அதே மரத்தைத்தான் வெட்ட வேண்டும். ஆகவே இன்று செய்யும் தேர்வு, ஒரு தலைமுறைக்கு நம் உழைப்பின் பயனைத் தீர்மானிக்கின்றது. தோட்டத்தில் வெட்டுகின்றவருக்கும் இது பொருந்தும். சொந்தமாக மூன்று நான்கு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

'இந்தப் புதிய ரகம் பழையதைவிட மிகுதியாகப் பால் தருகின்றது' என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு சான்று கண்ட பின் அதனை நம்புவது? எந்த இடத்தில் ஐயத்தை விட்டுவிடுவது? இதுவே இன்று நாம் ஆராயவிருக்கும் பொருளாகும்.

ரகம் என்பது யாது?

விதையிலிருந்து முளைத்த மரங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே தாய்மரத்தின் விதைகளிலும் ஒன்று நிறையப் பால் தரும். மற்றொன்று மங்கின் அடியை நனைப்பதோடு நின்றுவிடும். சிறந்த ஒரு மரத்தின் மொட்டை எடுத்து, நாற்றுகளில் ஒட்டுக்கட்டி வளர்க்கும்பொழுது, அவ்வாறு வளரும் மரங்கள் யாவும் அந்த ஒரே மரத்தின் இயல்பை உடையனவாகின்றன. இதனையே ரகம் என்றும், ஆராய்ச்சியாளர் வழக்கில் குளோன் என்றும் சொல்கின்றோம்.

நம் நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. 1998 முதல் அதன் பணிகள் மலேசிய ரப்பர் வாரியத்தின்கீழ் நடைபெறுகின்றன. நம் ஜொகூரில் கோத்தா திங்கியிலும் அதன் ஆய்வு நிலையம் உண்டு. தோட்டத்தில் பழகிய எவரும் அறிந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ரகம் அக்கழகம் தந்த செல்வமேயாகும். அதன் தாய்மரம் ஜாவாவிலிருந்து வந்த ஜிர் 1. தந்தைமரம் பிராங் பெசார் தோட்டத்தின் பி.பி. 86. அந்தப் பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்திலேதான் இன்று புத்ராஜெயா நகரம் எழுந்து நிற்கின்றது.

இத்தகைய ரகம் ஒன்று நம் நிரைக்கு வந்து சேருமுன் பல கட்டங்களைக் கடக்கின்றது. கைமகரந்தச் சேர்க்கையில் பிறந்த நாற்றுகளை இளமையிலேயே வெட்டிப் பார்த்துச் சிலவற்றைப் பொறுக்குகின்றனர். பொறுக்கியவற்றை ஒட்டுக்கட்டிச் சிறிய அளவில் நட்டுச் சோதிக்கின்றனர். அவற்றிலும் தேறியவற்றைப் பல இடங்களில் பெரிய அளவில் நட்டு ஆண்டுக்கணக்காகப் பாலை நிறுக்கின்றனர். முதற் சேர்க்கையிலிருந்து முழுப் பரிந்துரை வரையில் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிடுவதுண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் 'இது தேறியது, இது தேறவில்லை' என்று பிரிக்க வேண்டியிருக்கின்றது. அந்தப் பிரிவினையில்தான் நம் கேள்வி பிறக்கின்றது.

எடை ஏன் ஏமாற்றும்?

ஒரே ரகத்தை இரண்டு கூறுகளில் நட்டு நிறுத்துப் பார்த்தாலும் எடை ஒத்துவராது என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர். ஒரு கூறு மேட்டில் இருக்கும். மற்றொன்று ஆற்றோரப் பள்ளத்தில் இருக்கும். ஓரிடத்தில் ரெங்கம் வகை மண். வேறோரிடத்தில் செம்புரைக்கல் மண். வடகிழக்குப் பருவமழை மெர்சிங், கோத்தா திங்கிப் பக்கங்களில் பல நாள் வெட்டைக் கெடுத்துவிடும். இலையுதிர் காலத்தில் பால் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக வெட்டுகின்ற கை ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவர் பட்டையின் ஆழமறிந்து வெட்டுவார். மற்றொருவர் மேலோட்டமாக வெட்டுவார்.

ஆகவே புதிய ரகத்தின் கூறு பழையதைவிட மிகுதியாகப் பால் தந்தது என்றால், அது ரகத்தின் சிறப்பாகவும் இருக்கலாம். மண்ணின் சிறப்பாகவும் இருக்கலாம். வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவதற்கு ஆராய்ச்சியாளர் மூன்று வழிகளைக் கையாளுகின்றனர். ஒன்று, ஒரே சோதனையைப் பல கூறுகளில் திரும்பத் திரும்பச் செய்தல். இரண்டு, எந்த ரகம் எந்தக் கூறில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தல். மூன்று, ஒத்த நிலத்தில் அருகருகே இரு ரகங்களையும் நிறுத்தி ஒப்பிடுதல். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919ஆம் ஆண்டு பணியில் சேர்ந்த ஆர். ஏ. ஃபிஷர் என்னும் அறிஞர் இம்முறைகளை ஒழுங்குபடுத்தி உலகுக்கு அளித்தார்.

சிறு கணக்கு ஒன்று

இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்குவோம். இது நாம் கற்பனையாக அமைத்துக்கொள்ளும் கணக்கு. ஐந்து இடங்களில் பழைய ரகத்தையும் புதிய ரகத்தையும் அருகருகே நடுகின்றோம். 'புதியது பழையதை விஞ்சுமா?' என்பதை முன்கூட்டியே கேள்வியாக வைத்துக்கொள்கின்றோம். உண்மையில் இரண்டுக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பொழுது ஒவ்வோர் இடத்திலும் எது முந்தும் என்பது காசைச் சுண்டிப் பார்ப்பது போன்றது. தலையும் விழலாம், பூவும் விழலாம்.

ஐந்து இடங்களிலும் புதியதே முந்துவதற்கு, ஐந்து முறையும் தலையே விழ வேண்டும். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் முப்பத்திரண்டு. எனவே வெறும் தற்செயலால் அவ்வாறு நேர்வதற்கு முப்பத்திரண்டில் ஒரு வாய்ப்பே உண்டு. ஐந்தில் நான்கு இடங்களிலாவது புதியது முந்துவதற்கோ முப்பத்திரண்டில் ஆறு வாய்ப்பு உண்டு. அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. முன்னது அரிது, பின்னது அவ்வளவு அரிதன்று.

'வேறுபாடே இல்லாதபொழுதும் தற்செயலால் இப்படி ஒரு முடிவு வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு?' என்று கணக்கிட்டு, அந்த வாய்ப்பு ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால் 'வேறுபாடு மெய்யே' என்று கொள்கின்றனர். அந்த எல்லையைப் புள்ளியியல் நூல்கள் மிகைகாண் நிலை என்று கூறும். நாம் எளிமை கருதி ஐய எல்லை என்று சொல்லிக்கொள்வோம்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். வாய்ப்பு இருபதில் ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது என்றால், 'அந்த ரகம் சிறந்தது என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதி' என்று பொருளாகாது. வேறுபாடு இல்லாத நிலையில் இத்தகைய முடிவு அரிது என்பதே அதன் பொருள்.

இருபதில் ஒன்று என்பது சட்டமா?

பெரும்பாலான ஆய்வறிக்கைகளில் ஐய எல்லை இருபதில் ஒன்று என்றே காணப்படும். இவ்வழக்கம் பரவியதற்கு ஃபிஷர் 1925ஆம் ஆண்டு வெளியிட்ட நூலே பெருங்காரணம். ஆயினும் அவர் அதனை வசதியான ஓர் எல்லையாகவே குறித்தார். மாறாத விதியாக வகுத்துவிடவில்லை. எல்லாக் காலத்துக்கும் எல்லாச் சூழ்நிலைக்கும் ஒரே எல்லையை எந்த ஆராய்ச்சியாளரும் வைத்துக்கொள்வதில்லை என்று அவரே பின்னர் 1956இல் வெளியான நூலில் விளக்கினார்.

அவருக்கு முன்னரே டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடி ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் என்பவர் இத்துறையில் வழிகாட்டியாக விளங்கினார். 'ஸ்டூடென்ட்' என்னும் புனைபெயரில் 1908ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை, குறைந்த எண்ணிக்கையிலான சோதனைகளிலிருந்து முடிவு காணும் முறையை வகுத்தது. பார்லி ரகங்களை ஒப்பிட்டு, எதனைப் பயிரிடுவது என்று தீர்மானிப்பதும் அவர் பணிகளுள் ஒன்று. அவ்வாறு தீர்மானிக்கும்பொழுது, தவறினால் எவ்வளவு நட்டம், சரியாக அமைந்தால் எவ்வளவு ஆதாயம் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தோட்டத்துக்கு ஏற்ற கொள்கையும் அதுவேயாகும்.

இரண்டு வகைப் பிழைகள்

ரகங்களை ஒப்பிடுவதில் இரண்டு வகையான பிழைகள் நேரலாம். சிறப்பில்லாத ரகத்தைச் சிறந்தது என்று நம்பி ஏற்றுக்கொள்வது ஒன்று. மெய்யாகவே சிறந்த ரகத்தைச் 'சான்று போதாது' என்று தள்ளிவிடுவது மற்றொன்று.

முதற்பிழை கண்ணுக்குத் தெரியும். பத்தாண்டு கழித்து, 'இதையா பெரிதாகச் சொன்னார்கள்?' என்று எல்லாரும் கேட்பார்கள். இரண்டாம் பிழையோ எவர் கண்ணுக்கும் தெரியாது. தள்ளப்பட்ட ரகம் எந்த நிரையிலும் நிற்காது. அது தந்திருக்கக்கூடிய பாலை எவரும் நிறுக்கப்போவதில்லை. ஆயினும் அந்த நட்டம் தொழிலாளியின் வருமானத்தில் ஆண்டுதோறும் ஓசையின்றிக் குறைந்துகொண்டே இருக்கும்.

ஐய எல்லையை மிகக் கடுமையாக வைத்தால் முதற்பிழை குறையும். இரண்டாம் பிழை மிகும். தளர்த்தினால் இது மாறி அமையும். மேற்சொன்ன கணக்கையே பாருங்கள். ஐந்து இடங்களுக்குப் பதிலாக நான்கு இடங்களில் மட்டும் நட்டு, எது முந்தியது என்று எண்ணினால், நான்கிலும் புதியதே முந்தினாலும் தற்செயலுக்குரிய வாய்ப்பு பதினாறில் ஒன்று. இருபதில் ஒன்று என்னும் எல்லையை அது எட்டாது. அப்படியாயின், அந்தப் புதிய ரகம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அச்சோதனையில் அதற்கு வெற்றி என்பதே கிடையாது! சோதனையைச் சிறிதாக வைத்துக்கொண்டு எல்லையை மட்டும் கடுமையாக்குவது, வாசலை அடைத்துவிட்டு விருந்தினரை அழைப்பது போன்றதாகும். எடையின் அளவுகளையும் கணக்கில் சேர்க்கும் முறைகள் இதனினும் கூர்மையானவை. எனினும் அவற்றுக்கும் இக்கருத்துப் பொருந்தும். நல்ல வழி யாதெனில், கூறுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதே. ஏழு இடங்களிலும் புதியதே முந்தினால், தற்செயலுக்கு உரிய வாய்ப்பு நூற்றிருபத்தெட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றது.

கட்டத்துக்கு ஏற்ற எல்லை

எல்லையை எங்கே வைப்பது? கட்டத்துக்கும் விளைவுக்கும் ஏற்றவாறு வைப்பதே அறிவுடைமை.

முதற்கட்டத்தை எண்ணுவோம். நூறு புதிய ரகங்கள் சோதனையில் உள்ளன என்றும், அவற்றில் பத்தே மெய்யாகச் சிறந்தவை என்றும் கொள்வோம். எல்லை இருபதில் ஒன்றானால், மற்றைத் தொண்ணூறில் நான்கு ஐந்து ரகங்கள் தற்செயலாகத் தேறிவிடும். எல்லை ஐந்தில் ஒன்றானால் பதினெட்டு தேறிவிடும். ஆனால் கடுமையான எல்லையில் நல்ல பத்தில் நான்கு மட்டும் தேறி, தளர்ந்த எல்லையில் எட்டுத் தேறுமாயின், எதனை விரும்புவோம்? இந்தக் கட்டத்தில் தளர்ந்த எல்லையே நலம். ஏனெனில் தவறித் தேறிய பதினெட்டையும் அடுத்த கட்டம் மீண்டும் சோதிக்கும். அங்கே இருபதில் ஒன்று என்று வைத்தால், அப்பதினெட்டில் சராசரியாக ஒன்றுகூட மிஞ்சாது. ஆனால் முதற்கட்டத்தில் தள்ளிய நல்ல ரகம் திரும்பி வருவதில்லை. முறத்தில் புடைக்கும்பொழுது, முதலில் சற்று உமி தங்கினாலும் தாழ்வில்லை. மணி சிந்திவிடக் கூடாது.

கடைசிக் கட்டத்தில் நிலைமை வேறு. அங்கே தேறிய ரகம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நிலைத்து நிற்கப் போகின்றது. அங்கே எல்லை கடுமையாக இருக்க வேண்டும். இடங்களும் ஆண்டுகளும் மிகுதியாக இருக்க வேண்டும்.

இனி, சொந்த நிலத்தில் மறுநடவு செய்பவரின் நிலைமையைப் பார்ப்போம். பரிந்துரைக்கப்பட்ட இரண்டு ரகங்கள் அவர் முன் உள்ளன. கன்றின் விலை ஒன்று. காற்றையும் நோயையும் தாங்கும் ஆற்றலும் ஒன்று. சோதனைகளில் ஒன்று சற்று மிகுதியாகப் பால் தந்தது. ஆயினும் வேறுபாடு இருபதில் ஒன்று என்னும் எல்லையை எட்டவில்லை. அவர் எதனை நடுவது? மிகுதியாகத் தந்ததையே நடலாம். உண்மையில் இரண்டும் சமமாக இருந்தாலும் அவருக்கு நட்டம் ஏதுமில்லை. எதையாவது ஒன்றை அவர் நட்டுத்தானே தீர வேண்டும்! அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். ஜி. கார்மர் 1976ஆம் ஆண்டு பயிர் ரகச் சோதனைகளைப் பற்றி எழுதிய ஆய்வில், இத்தகைய தேர்வுகளுக்கு இருபதில் ஒன்றைவிடத் தளர்ந்த எல்லைகள் மிகுந்த பயன் தரக்கூடும் என்று எடுத்துக்காட்டினார்.

ஆனால் புதிய ரகத்தின் கன்று விலை கூடுதல், அல்லது அது நோயைத் தாங்குமா என்பது தெரியவில்லை என்றால், வலுவான சான்றைக் கேட்பதே முறை. எவ்வாறாயினும் எல்லையைச் சோதனைக்கு முன்னரே குறித்துவிட வேண்டும். எடையைப் பார்த்த பின்னர், விரும்பிய ரகம் தேறும்படி எல்லையை நகர்த்துவது, பந்து விழுந்த இடத்தில் கோலை நடுவதற்கு ஒப்பாகும்.

கணக்கு சொல்லாதவை

வேறுபாடு மெய்யானது என்பதும், வேறுபாடு பெரியது என்பதும் வெவ்வேறு செய்திகள். மிகப் பல கூறுகளில் சோதித்தால், ஆண்டுக்கு ஒரு மரத்துக்குக் கைப்பிடியளவு ரப்பர் என்னும் சிறு வேறுபாடும் மெய்யென்று தெரியவரும். அதற்காகப் பழகிய ரகத்தைக் கைவிட வேண்டுவதில்லை.

அன்றியும், சோதனை தான் கேட்ட கேள்விக்கே விடை தரும். பாலின் எடையைக் கேட்டால் பாலின் எடையைச் சொல்லும். காற்றையும் நோயையும் பற்றி அது பேசாது. ஆர்.ஆர்.ஐ.எம். 501 நன்கு பால் தந்த ரகமே. ஆயினும் காற்றில் தண்டு முறியும் குறை அதற்கு உண்டு.

இலங்கையில் நேர்ந்தது இதனினும் பெரிய பாடம். அங்கே ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்னும் ரகம் நல்ல விளைச்சலுக்காகப் பரிந்துரைக்கப்பட்டுப் பரவலாக நடப்பட்டது. 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் கோரினெஸ்போரா என்னும் இலையுதிர் நோய் அந்த ரகத்தைக் கடுமையாகத் தாக்கியது. ஏறத்தாழ 4,000 ஹெக்டர் மரங்களைப் பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று. பால் எடையில் கண்ட சிறப்பு பொய்யன்று. நோயைப் பற்றிய கேள்விக்கு அந்த எடை விடை சொல்லவில்லை என்பதே உண்மை. 2016ஆம் ஆண்டையொட்டிச் சுமத்திராவில் தோன்றி, பின்னர் நம் நாட்டையும் எட்டிய பெஸ்டலோட்டியோப்சிஸ் இலையுதிர் நோயும் இதே எச்சரிக்கையைத் தருகின்றது. எவ்வளவு சிறந்த ரகமானாலும், நிலம் முழுவதும் அது ஒன்றையே நட்டுவிடலாகாது என்று ஆராய்ச்சியாளர் வற்புறுத்துவது இதனாலேயே.

இடத்துக்கு இடம் தகுதி மாறும் என்பதையும் மறத்தலாகாது. கோட்டயத்திலுள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 கேரளத்திலும் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பெரும்புகழ் பெற்றது. அங்கே பெற்ற புகழை மட்டும் நம்பி ஜொகூரில் நட்டுவிட முடியாது. நம் மண்ணில், நம் மழையில் சோதித்த பின்னரே அதனைப் பற்றி நாம் முடிவு கூற முடியும்.

நம் கையில் உள்ள கடமை

'இவையெல்லாம் ஆராய்ச்சியாளர் வேலை. நமக்கு இதில் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். அன்பர்களே, இந்தக் கணக்குகள் அனைத்துக்கும் அடிப்படை உங்கள் கையில் உள்ள வாளியே. சோதனைக் கூறுகளில் வெட்டுகின்றவர், ஒரு கூறின் பாலை மற்றொரு கூறின் பாலோடு கலந்துவிட்டால், எந்தப் புள்ளியியலும் அதனைப் பிரித்தெடுக்க முடியாது. ஒட்டுப்பாலையும் மங்கில் உறைந்த கட்டிப்பாலையும் அந்தந்தக் கூறின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். மழையால் வெட்டாத நாளை வெட்டாத நாள் என்றே குறிக்கச் செய்ய வேண்டும். ஒருவர் ஒரே ரகத்தை மட்டும் வெட்டாமல், முறைமாற்றி எல்லா ரகங்களையும் வெட்டச் சொன்னால், அதனை வீண் தொல்லை என்று எண்ணலாகாது. கைவன்மையின் வேறுபாடு ரகத்தின் வேறுபாடாகத் தோன்றாமலிருக்கச் செய்யும் ஏற்பாடு அது. குறைவான எடையை மறைக்க வேண்டுவதுமில்லை. குறைவு என்பதும் ஒரு செய்தியே. அந்தச் செய்தியால்தான் தகுதியற்ற ரகம் வெளியேறுகின்றது.

சொந்த நிலம் உடையவர்களும், இனி வாங்கவிருப்பவர்களும் ஒரு ரகத்தைப் பற்றிப் புகழுரை கேட்கும்பொழுது ஆறு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். எந்த ரகத்தோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை இடங்களில் சோதித்தார்கள்? எத்தனை ஆண்டு பாலை நிறுத்தார்கள்? வேறுபாடு எவ்வளவு? அது தற்செயலால் நேர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு? காற்றையும் நோயையும் அது தாங்கியதா? இந்த ஆறுக்கும் விடை சொல்ல இயலாதவரின் புகழுரை, எவ்வளவு இனிமையாக இருந்தாலும், விளம்பரமே அன்றிச் சான்றாகாது. ஒரு நிரையில் ஓராண்டு கண்ட பெருக்கத்தை வைத்து முப்பதாண்டை அடகு வைக்கலாகாது. நன்கு சோதித்த புதிய ரகத்தை, 'பழையதே போதும்' என்று தள்ளிவிடுவதும் நன்றன்று. மலேசிய ரப்பர் வாரியத்தின் பரிந்துரைப் பட்டியலை முதலில் பாருங்கள். பின்னர் உங்கள் நிலத்தின் மண்ணையும் காற்றையும் எண்ணிப் பாருங்கள்.

ஐயப்படுவது அறிவின் தொடக்கம். எவ்வளவு ஐயப்பட வேண்டும், எந்த இடத்தில் துணிய வேண்டும் என்று அளந்து அறிவது அதன் முதிர்ச்சி. தவறினால் யாருக்கு நட்டம், எத்தனை ஆண்டு நட்டம், திருத்திக்கொள்ள வழியுண்டா என்று எண்ணி எல்லையை வகுப்பவர்க்கு, இருபதில் ஒன்று என்பது பயனுள்ள ஒரு கருவி. எண்ணாமல் அதனைப் பிடித்துக்கொள்பவர்க்கோ அது வெறும் எண். உங்கள் பிள்ளைகள் பள்ளியில் வாய்ப்புக் கணக்கைப் படிக்கும்பொழுது, அருகில் அமர்ந்து, காசைச் சுண்டி, மேலே கண்ட ஐந்து கூறுகளின் கணக்கை அவர்களோடு சேர்ந்து செய்து பாருங்கள். நாளை நம் நிலத்தில் எந்த மரம் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கப் போகின்றவர்கள் அவர்களே.